ஒன்பதரை

பெற்றவர்கள் வைத்த பேர் தபால்காரருக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும். தெருவில் மற்ற எல்லாருக்கும் அவன் ஒன்பதரை. வலது கை ஆள்காட்டி விரலில் மேல் கணு கிடையாது, நகத்தோடு போய்விட்டது. மீதி ஒன்பதும் முழுசு. ஆக ஒன்பதரை. அப்படிக் கூப்பிட்டால் கோபப்பட மாட்டான், கொஞ்சம் நிமிர்ந்துகூட நடப்பான். பட்டறையில் கூட வேலை செய்தவனின் கை தகடு வெட்டும் மெஷினுக்குள் போக இருந்தது, இவன் பாய்ந்து இழுத்துவிட்டான், அதற்குக் கூலியாகத் தன் விரல் நுனியைக் கொடுத்துவிட்டு வந்தான் என்று கதை. அப்படியொரு பட்டப்பெயர் யாருக்குக் கசக்கும்?

அவன் வெல்டர். நான்கு மாதத்துக்கு முன் ஒரு மாடி ஜன்னலுக்குக் கம்பி பொருத்தும்போது ஏணி சரிந்து விழுந்தான். தொடை எலும்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். முன்னறை ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டு, தெருவைப் பார்த்தபடி படுத்திருக்கிறான். ஜன்னலுக்கு வெளியே தகரக் கொட்டகையின் கீழ் அவனுடைய மோட்டார் சைக்கிள் நின்றது. மழை இரண்டு பக்கமும் சாய்ந்து அடித்து, மூடியிருந்த படுதாவையே பாசி பிடிக்க வைத்திருந்தது. அவன் நடமாடிய காலத்திலும் அந்த வண்டிக்கு மேனி மினுக்குத்தான். டேங்கில் முகம் தெரியத் துடைப்பான், கண்ணாடிக்கு ஊதி ஊதிப் பளபளப்பு ஏற்றுவான். செயின் பக்கம் மட்டும் போகமாட்டான். கேட்டால், "அது மெக்கானிக் வேலை" என்பான்.

அவன் மனைவி தையல்காரி. ஆஸ்பத்திரிகளுக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுக்கும் வேலை. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிடங்கிலிருந்து வேன் வந்து துணியைப் போட்டுவிட்டுத் தைத்ததை எடுத்துக்கொண்டு போகும். போன வாரம் வேனை நிறுத்திவிட்டார்கள். இனித் தைப்பவர்களே கொண்டுவந்து சேர்க்க வேண்டும், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள். வராதவர்களின் துணி வந்தவர்களுக்குப் போகும். பதினெட்டு கிலோமீட்டர். பஸ் இரண்டு மாற வேண்டும், மூட்டையைப் பார்த்தாலே கண்டக்டர் விசில் அடித்துவிடுவார். இந்த வீட்டில் இப்போது ஓடுகிற சக்கரம் அவளுடைய தையல் மெஷினின் சக்கரம் ஒன்றுதான். அதுவும் நின்றால் என்ன ஆகும் என்பதை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு நானே போகிறேன் என்று அவள் சொன்னதில் சனிக்கிழமை சாயங்காலம் சண்டை வந்தது.

"மெக்கானிக் கல்யாணத்துக்குப் போயிருக்கான். புதன்கிழமைதான் வருவான். அதுவரைக்கும் பொறு."

"நான் பொறுப்பேன். கிடங்குக்காரர் பொறுப்பாரா?"

"அந்தத் துருப்பிடிச்ச செயினோட போனா பாலத்து நடுவுல நிப்ப."

"அப்ப என்ன பண்ணணும்னு சொல்லிக் குடுங்க. நான் பண்றேன்."

"பொம்பள கை வைக்கிற வேலை இல்ல அது."

"ஓட்டுறது மட்டும் பொம்பள வேலையா? பதினெட்டு வயசுல எங்கப்பா வண்டிய ஓட்டினவ நான். உங்களுக்கு முன்னாடி லைசென்ஸ் எடுத்தவ."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தொடையில் கம்பி வைத்தவன் திரும்பிப் படுப்பது லேசான காரியமில்லை. அவ்வளவு சிரமப்பட்டு ஒருவன் முதுகைக் காட்டுகிறான் என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். சாப்பாட்டுத் தட்டை வைத்தபோதும் எடுத்தபோதும் இருவரும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறியதும் அவள் வண்டியை வெளியே இழுத்தாள். சேலையை மடித்து வைத்துவிட்டு அவனுடைய பழைய பேண்டையும் சட்டையையும் மாட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் அளவு நாடா வழக்கம்போலத் தொங்கியது. அதைக் கழற்றும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. தூங்கும்போதுகூடச் சில நாள் கிடக்கும். காற்று அடித்தாள். பிரேக்கை மிதித்துப் பார்த்தாள், பிடித்தது. இருபது தடவை உதைத்ததில் இஞ்சின் இருமி, புகை கக்கி, உயிர் வந்தது. மிச்சம் செயின்தான், அதன் உறையைக் கழற்றிப் பார்த்தாள். பழைய ஆணிப் பெட்டியின் நிறத்தில், கீழே தொங்கிப்போய், சில கண்ணிகள் மடங்கியது மடங்கியபடியே கிடந்தன.

இதற்கு என்ன வைத்தியம் என்று அவளை யாரும் கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவது எப்படி? துளித்துளியாக விட வேண்டும், மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், கந்தல் துணியை விரலில் சுற்றிக்கொண்டு ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். ஓடும்போதுதான் எண்ணெய் உள்ளே இறங்கும், அழுக்கு வெளியே வரும். நின்ற மெஷினுக்கு எண்ணெய் விடுவது தூங்குகிறவன் வாயில் மருந்து ஊற்றுவது போல என்று அவளுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவள் சொல்வாள்.

அவள் வண்டியை நடு ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தினாள். பின் சக்கரம் தரையை விட்டு எழும்பி நின்றது. இஞ்சினை ஓடவிட்டு, கிளட்சைப் பிடித்து, முதல் கியரைப் போட்டாள். டக்கென்றது. சக்கரம் தானே சுற்ற ஆரம்பித்தது, செயின் சலசலத்து ஓடியது. மிதிக்கக்கூட வேண்டாம், எவ்வளவு வசதி! வெள்ளைக் கோட்டில் வெட்டிய மிச்சத் துணி ஒன்றை எடுத்து ஆள்காட்டி விரலில் மூன்று சுற்று சுற்றிக்கொண்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

ஜன்னலுக்குள்ளிருந்து ஏதோ சத்தம் கேட்டது. இஞ்சின் இரைச்சலில் என்னவென்று புரியவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவனுக்கு இப்போதுதான் வாய் வந்ததாக்கும் என்று நினைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

சின்ன எவர்சில்வர் சொம்பு ஒன்று ஜன்னல் கம்பி இடுக்கு வழியே தண்ணீரோடு பறந்து வந்து டேங்கில் மோதியது. அவள் தலை முழுக்க நனைந்துபோனது. எழுந்து, சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினாள். டேங்கில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குழி விழுந்திருந்தது.

"கால் உடைஞ்சா புத்தியும் உடைஞ்சிடுமா? கண்ணாடி மாதிரி வெச்சிருந்த டேங்கு, இப்ப பாருங்க!"

"கைய எடுத்துட்டியா?"

"என்னது?"

"கைய எடுத்துட்டியான்னு கேக்கிறேன்! பத்தும் இருக்கா? காட்டு!"

அவன் பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே சரிய, ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். ஒன்று, இரண்டு என்று அவன் உதடு எண்ணியது. பத்து வந்ததும் கண்ணை மூடித் தலையணையில் சாய்ந்தான்.

"சாவிய வண்டிலேர்ந்து உருவு. உருவி உன் இடுப்புல செருகு."

"எதுக்கு இந்தக் கூத்து?"

"கியர் விழுந்த சத்தம் கேட்டுச்சு. ஓடுற செயின்ல துணி வெச்சா துணிய அது கவ்விக்கும். விரல்ல சுத்தியிருந்தா விரலும் கூடப் போகும். பல்சக்கரத்துக்கும் செயினுக்கும் நடுவுல. கைய இழுக்கணும்னு நீ நினைக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். வலிகூட அப்புறம்தான் வரும்."

"என்னமோ கிட்ட இருந்து பாத்த மாதிரி சொல்றீங்க."

அவன் மொட்டை விரலைத் தூக்கிக் கம்பிக்கு வெளியே நீட்டினான்.

"இது பட்டறையில போகல" என்றான். "இந்த வண்டியில போச்சு."

சத்தம் கேட்டுப் பின்வீட்டிலிருந்து அவனுடைய அக்கா வந்துவிட்டாள். கையில் சோப்பு நுரை. நல்ல சரீரம், அதைவிட நல்ல குரல்.

"என்னடா ரகளை காலங்காத்தால? சொம்பு ஏன்டா ரோட்டுல கிடக்கு?"

"சொல்லிட்டேன்க்கா."

"எதை?"

"விரலை."

அக்கா நுரைக் கையோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "பன்னெண்டு வருஷமா கட்டிக் காப்பாத்தினேனேடா பாவி."

தையல்காரி ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தாள். "உங்களுக்கும் தெரியுமா அண்ணி?"

"தெரியுமாவா? கதை கட்டினதே நான்தான். உன்னைப் பாக்க உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முந்தின நாள். வண்டி பளபளன்னு இருக்கணும்னு தொரை செயினைத் தொடைக்கப் போனாரு. இப்ப உன் விரல்ல சுத்தியிருக்கே, அதே மாதிரி. இஞ்சின ஓடவிட்டு, துணிய விரல்ல சுத்திக்கிட்டு. மறுநாள் கட்டோட வந்து உக்காந்தா உங்கப்பா முதல் கேள்வியே, 'என்ன தம்பி விரல்ல?' இவன் வாயத் தொறந்து உண்மையச் சொல்லித் தொலைச்சிடுவானோன்னு நான் முந்திக்கிட்டேன். வண்டி தொடைக்கத் தெரியாதவனுக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க? பட்டறைன்னேன். மெஷின்னேன். வாய் அதுபாட்டுக்கு ஓடுச்சு, ஒருத்தன் கையையும் சேத்துக் காப்பாத்திட்டேன்."

தையல்காரிக்கு அழுகை வரவில்லை. வந்தது ஆத்திரம்தான். அவளுடைய அப்பா கண்ணை மூடுகிற வரைக்கும் பார்க்கிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "என் மருமகன் அடுத்தவனுக்காக விரல் குடுத்தவன்." அவளும் சொல்லியிருக்கிறாள், கணக்கில்லாமல். அக்கம்பக்கத்தில், கிடங்கில், யார் கேட்டாலும். நாலு மாதம் முன்பு இவன் காலைப் பிடித்துக்கொண்டு கதறிய நாளில், ஆஸ்பத்திரி டாக்டரைத் தனியாக நிறுத்தி, "இவரு சாதாரண ஆள் இல்லைங்க, நல்லாப் பாத்துக்குங்க" என்று அந்தக் கதையை முழுசாகச் சொல்லியிருக்கிறாள். டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். அதை நினைத்தபோது காதுமடல் சுட்டது.

"எங்கப்பா உசுரோட இருக்கும்போதாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றான் அவன். "அவரு தெருத்தெருவா சொல்லிட்டாரே. அப்புறம் எப்படிச் சொல்றது?"

அவள் ஜன்னல் வழியே உள்ளே பார்த்தாள். மூலையில் நாற்பது கோட்டும் மடித்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, கட்டுப் போடக் காத்திருந்தன. திங்கட்கிழமைக்கு இனி ஒரு பகல்தான் பாக்கி.

"அதை அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். "இப்ப செயினுக்கு வழி சொல்லுங்க. பொம்பள கை வைக்கிற வேலைதானா, இல்லையா?"

"சாவி எங்க?"

"இடுப்புல."

"நியூட்ரல்ல போட்டுட்டியா? அப்ப உக்காரு."

அவன் படுத்த இடத்திலிருந்து வண்டியின் கைப்பிடியும் முன்சக்கரமும்தான் தெரியும். செயின் தெரியாது. அதனால் கண்ணுக்குப் பதில் காதை வைத்துக்கொண்டான். அவள் செய்ததைச் சொன்னாள், அவன் கேட்டுவிட்டு அடுத்ததைச் சொன்னான். முந்தின நாள் தட்டு வைக்கும்போது பேசாதவர்கள் இப்போது நிறுத்தாமல் பேசவேண்டியதாயிற்று.

"பெட்ரோல் வேண்டாம், ஆவி பத்திக்கும். மண்ணெண்ணெய் எடு. பழைய பல்லு பிரஷ்ல தொட்டுத் தேய். கீழ ஓடுற செயின்லதான் கை வைக்கணும், பல்சக்கரத்துக்கு ஒரு ஜாண் தள்ளி. சக்கரத்த இன்னொரு கையால பின்பக்கமா சுத்து. முன்னாடி சுத்தாத. பின்னாடி சுத்தினா செயின் பல்லை விட்டு விலகிப் போகும், உன் கைய உள்ள இழுக்காது. துணிய விரல்ல சுத்தாத. உள்ளங்கையில சும்மா வெச்சுக்கோ, இழுத்தா விட்டுடற மாதிரி."

"சரி."

"கிட்டு கிட்டுன்னு ஒரு கண்ணி சத்தம் குடுக்குது. அதுதான் மடங்கிக் கிடக்கிறது. நிறுத்து. அதுக்கு இன்னும் ரெண்டு சொட்டு. ரெண்டு பக்கமும் அசைச்சுக் குடு."

"குடுத்தாச்சு. இங்க ஒரு கண்ணியில மட்டும் சின்ன தகடு மாட்டியிருக்கு, மீன் மாதிரி."

"அதான் பூட்டு. மீனு எந்தப் பக்கம் பாக்குது? செயின் ஓடுற பக்கம் தலை இருக்கணும், வால் பின்னால. திரும்பியிருந்தா வழியில கழண்டுக்கும்."

"நேராத்தான் நீந்துது."

அக்கா வாசற்படியிலிருந்து எழுந்துபோகவில்லை. குற்றவாளிக்குக் கிளம்ப மனம் வரவில்லை போலும். மண்ணெண்ணெய்க் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, "உன் புருஷன் வாயில வந்த பொய்ய விடக் கறுப்பா இருக்கு" என்றாள்.

"உங்க வாயில வந்தது அண்ணி அது" என்றாள் தையல்காரி.

துரு கழன்று, துடைத்து, காய்ந்து, எண்ணெய் குடித்ததும் செயின் வேறு முகத்தோடு இருந்தது. பின் பல்சக்கரத்தில் அதைப் பிடித்து வெளியே இழுத்துப் பார்க்கச் சொன்னான். பாதிப் பல் தெரிந்தால் செயின் தேய்ந்துவிட்டது, மாற்றாமல் போகக் கூடாது என்றான். அவள் இழுத்தாள். துளிதான் விலகியது. அவன் பெருமூச்சு விட்டது வெளியே கேட்டது.

பிறகு இறுக்கும் வேலை. சக்கரத்து அச்சில் குறுக்கே இருந்த பின்னை உருவி, பெரிய நட்டைத் தளர்த்தினாள். இரண்டு பக்கமும் இருக்கிற திருகாணியை ஒரே அளவாகத் திருப்ப வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசம் வந்தால் சக்கரம் கோணிக்கொள்ளும், அங்கே வெட்டியிருக்கிற கோடுகளை எண்ணிப் பார்த்துக்கொள் என்று அவன் சொன்னான். கோடு எண்ணுவது அவளுக்குப் பெரிய வேலையா? தையலில் நூல் கணக்குப் பார்க்கிறவள். இரண்டு பக்கமும் கச்சிதமாகத் திருப்பிக்கொண்டே போனாள். தொங்கிய செயின் மேலேறி, நிமிர்ந்து, விறைத்து நின்றது.

"எவ்ளோ ஆடுது?"

"ஆடவே இல்ல" என்றாள் பெருமையாக. "கம்பி மாதிரி நிக்குது. நம்ம மெஷின் பெல்ட்டு மாதிரி."

"கெட்டுது போ."

"ஏன்? பெல்ட்டு தொங்கினா மெஷின் ஓடுமா?"

"அது பெல்ட்டு, இது செயின். மெஷின் மேல யாராவது ஏறி உக்காருறாங்களா? அக்கா, நீ கொஞ்சம் ஏறி உக்காரேன்."

"நானா?"

"நீ பண்ண பாவத்துக்கு இது பரிகாரம். ஸ்டாண்ட எடு. காலைத் தரையில ஊனிக்கோக்கா, விழுந்துடாத. இப்ப நீ செயினத் தொட்டுப் பாரு."

அக்கா ஏறி அமர்ந்ததும் வண்டியின் பின்பக்கம் முனகிக்கொண்டு இறங்கியது. தையல்காரி செயினைத் தொட்டாள். விரலுக்கு அது செயினாகவே தெரியவில்லை, அறுந்துபோவதற்கு முந்தின நூல் மாதிரி இருந்தது. மெஷினில் நூல் அப்படி நின்றால் அடுத்த தையலில் தெறிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"புரிஞ்சுதா? பள்ளத்துல இறங்கும்போது இன்னும் இழுக்கும். அறுந்து சக்கரத்துல சுத்திச்சுன்னா வண்டி நின்ன இடத்துல நிக்கும், நீ முன்னால போயிடுவ. கொஞ்சம் இடம் விடணும்."

"இடம் குடுத்தா மடம் புடுங்கும்னு சொல்வீங்களே எப்பவும்."

"செயினுக்கு இல்லடி அது."

"எவ்ளோ விடணும்?"

"ரெண்டு விரல் கனம்" என்றவன், கையைப் பார்த்துவிட்டு, "என் விரல் கணக்கு வேண்டாம். ஒரு அங்குலம். கீழ்ச் செயின்ல, நடுவுல, மேல தூக்கி கீழ விட்டா மொத்தம் ஒரு அங்குலம்" என்றான்.

அவள் கழுத்திலிருந்து நாடாவை உருவினாள்.

திருகாணியைத் தளர்த்தினால் மட்டும் போதாது, சக்கரமும் முன்னே நகர வேண்டும். "டயர்ல பின்னாலேர்ந்து ஒரு உதை குடு" என்றான். அவள் எழுந்து நின்று உதைத்தாள். ஒரு உதை போதும். அவள் மூன்று உதைத்தாள். மூன்றாவதில் அக்கா பதறி இறங்கிவிட்டாள். எதற்கு விழுந்த உதை என்று உள்ளே இருந்தவனுக்குத் தெரியும்.

திரும்பவும் ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலு இடத்தில் அளந்தாள். ஓரிடத்தில் ஒன்றரை, ஓரிடத்தில் ஒன்றேகால். இறுக்கமான இடத்தில் ஒரு அங்குலம் இருக்கும்படி வைத்து, பெரிய நட்டை முறுக்கி, அவன் சாமான் பெட்டியில் கிடந்த புதுப் பின்னைச் செருகி வளைத்து, மறுபடியும் அளந்தாள். நட்டை இறுக்கும்போது அளவு மாறும் என்று அவன் சொன்னது சரிதான், அரைக்கால் அங்குலம் மாறியிருந்தது. மறுபடி தளர்த்தி மறுபடி வைத்தாள். சக்கரம் பின்னால் நகர்ந்ததில் பிரேக் மிதி இறுகியிருந்தது, அதையும் சரிசெய்தாள். செயின் உறையை மாட்டினாள். தெருவை மூன்று தடவை சுற்றி வந்து, கடைசியாக ஒருமுறை நாடாவை வைத்துப் பார்த்தபோது வெயில் சாய்ந்துவிட்டது.

ஜன்னல் பக்கமாகக் கை கழுவினாள். சோப்புத் தூள், சர்க்கரை, எண்ணெய் என்று எதைப் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை.

"கோவமா?" என்றான் அவன் உள்ளிருந்து.

"இருக்கு."

"எவ்ளோ?"

"இன்னும் அளக்கல."

மறுநாள் ஏழே முக்காலுக்கு அவள் கிடங்கில் இருந்தாள். பாலத்தில் எதிர்க்காற்று, அவ்வளவுதான். மூட்டையை மேஜையில் இறக்கினாள். கிடங்குக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார்.

"ஏம்மா, அந்த வண்டி ஓடாதுன்னுதானே சொன்ன? மெக்கானிக்கும் இல்லேன்ன. யாரு சரி பண்ணது?"

"நான்தாங்க. வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல."

"ஓ, அவரா! விரலைக் குடுத்து இன்னொருத்தர் கையக் காப்பாத்தினவராச்சே. நீ சொன்னதுலேர்ந்து நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா?"

மூட்டையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். அதெல்லாம் பொய்யுங்க என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் பாரம் குறைந்திருக்கும். முடிச்சின் மேல் அவளுடைய ஆள்காட்டி விரல் இருந்தது, நகக்கண்ணில் கறுப்போடு, முழுசாக.

"அவரேதாங்க" என்று முடிச்சை அவிழ்த்து எண்ண ஆரம்பித்தாள்.

"அப்படிக் காப்பாத்தின கை இப்ப எங்கம்மா இருக்கு? அந்த ஆளு நன்றியோட வந்து போறானா?"

"இங்கதாங்க இருக்கு. உங்க முன்னாடி கோட்டு எண்ணிக்கிட்டிருக்கு."

அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கறை படாமல் ஓரத்தை மட்டும் தொட்டுத் தொட்டு, நாற்பது கோட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.